குறையில்லாத குழந்தைக்கு ஒரு போட்டி

என் மகள் பிறந்து ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, தடுப்பூசி போட்ட நர்ஸ் அவளுடைய அட்டையில் எடையைக் குறித்துப் புள்ளி வைத்தார். அட்டையில் வளைந்து மேலே போகும் கோட்டுக்கு ஒரு நூல் கீழே அந்தப் புள்ளி விழுந்தது. "கோட்டுக்குக் கீழ இருக்கு, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பிள்ளையின் தொடையைப் பஞ்சால் துடைக்கப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு நிமிட வேலை. எனக்கு அன்றிலிருந்து அதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போனது.

நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். ஆய்வுக்கூடத்தில் பொடியை நிறுக்கும்போது மூச்சுக்காற்று பட்டால்கூடத் தராசு ஆடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள். அந்தப் பழக்கத்தோடு பிள்ளை வளர்க்கப் புறப்பட்டால் எப்படி இருக்கும்? நூலகத்திலிருந்து குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, திருப்பிக் கொடுக்கவே மனமில்லாமல் மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருந்தேன். கேழ்வரகுக் கூழ் கொடுத்தால் சூடோ, கொடுக்காவிட்டால் சத்துக் குறைவோ என்று யோசிப்பேன். முட்டையின் மஞ்சள் கருவைக் கொடுத்துவிட்டு, கொடுத்திருக்கக் கூடாதோ என்று சாயங்காலம் வரை அவள் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அவளோ எதைக் கொடுத்தாலும் பாதியைத் தின்று பாதியை என் சேலையில் துப்பினாள். துப்பியது போக உள்ளே எவ்வளவு போயிருக்கும் என்பதற்குப் புத்தகத்தில் கணக்கு இல்லை.

எடை பார்க்க வீட்டில் வழி இல்லாததால் எதிரே இருந்த பலசரக்குக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அரிசிச் சிப்பம் நிறுக்கும் தராசில் துண்டை விரித்து அவளை உட்கார வைப்பேன். கடைக்கார அண்ணாச்சி முதல் தடவை சும்மா இருந்தார். இரண்டாவது தடவை, "பிள்ளைய விக்கப் போறியளா தாயி? எங்கிட்டச் சொன்னா நானே எடுத்துக்கிடுவேன்" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அவள் சிரித்துக் குலுங்கியதில் முள் அங்கும் இங்கும் ஆடி, அன்றைக்கு எடை தெரியாமலே திரும்பினேன்.

இது என் மாமியாரான அத்தையின் காதுக்குப் போனபோது அவர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளையை நிறுக்கக் கூடாது என்பது அவருடைய ஊர் வழக்கம். அத்தை நாகலாபுரம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. அங்கே மிளகாய் நன்றாகக் காய்த்துவிட்டால் அதைப் பார்த்து யாரும் வாய்விட்டுப் பாராட்ட மாட்டார்கள். பழைய பானைக்குச் சுண்ணாம்பு அடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, காட்டின் நடுவில் கம்பு நட்டுக் கவிழ்த்துவிடுவார்கள். பார்க்கிறவன் கண் முதலில் அந்த அவலட்சணத்தின் மேல் விழ வேண்டும். பிள்ளை விஷயத்திலும் அத்தைக்கு அதே விவசாயம்தான். குளிப்பாட்டிப் பவுடர் போட்டு முடித்ததும் இடது கன்னத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மையைத் தீற்றுவார். அழகாக வைக்கக் கூடாது. கோணலாக, அப்பியது போல இருக்க வேண்டும். நான் அதைப் பார்த்து உள்ளுக்குள் துடிப்பேன். அது கண்ணுக்குள் போய்விட்டால் என்ன ஆவது, அந்த மையில் என்னென்ன கலந்திருக்கிறதோ என்று. வெளியே சொன்னதில்லை.

இப்படியே இரண்டு மூன்று மாதம் போனபோதுதான் ஊரில் குழந்தைகள் போட்டி நடக்கப் போவதாக நோட்டீஸ் வந்தது. பெண்கள் மன்றம் ஒன்று கல்யாண மண்டபத்தில் நடத்தியது. டாக்டரே வந்து பார்த்து மார்க் போடுவாராம். நோட்டீஸின் அடியில் விதிகள் இருந்தன: குழந்தையின் முகத்தில் மை, பொட்டு, பவுடர் எதுவும் இருக்கக் கூடாது, தடுப்பூசி அட்டை அவசியம். எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. ஒரு டாக்டர், அச்சடித்த விதிகளோடு, என் பிள்ளையைத் தலை முதல் கால் வரை பார்த்து, 'இவளிடம் ஒரு குறையும் இல்லை' என்று மைக்கில் சொல்லிவிட்டால் போதும். பரிசுகூட எனக்குப் பெரிதில்லை. அந்த நர்ஸ் வைத்த புள்ளி என் நெஞ்சிலிருந்து இறங்கினால் போதும். நான் சரியாகத்தான் செய்கிறேன் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரைக் கேட்டேன். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். "உன் இஷ்டம்" என்றார். என்னைப் போன்றவர்களிடம் சொல்லவே கூடாத வார்த்தை அது.

அத்தை ஒரேயடியாக மறுத்தார். ஊர்க்கண்ணெல்லாம் கூடி உட்கார்ந்திருக்கிற இடத்தில், கன்னத்தில் மையும் இல்லாமல், பச்சைப் பிள்ளையைத் தூக்கி மேஜைமேல் வைப்பதா என்றார். கோவில்பட்டியில் அப்போது குழாயில் தண்ணீர் வருவது ஒரு திருவிழா மாதிரி. வருகிற அன்று எங்கள் காம்பவுண்டுப் பெண்கள் எல்லாரும் குடங்களை வரிசை போட்டுவிட்டுக் காத்திருப்போம். அந்த வரிசையில் வைத்துத்தான் நான் விஷயத்தை உடைத்தேன். அத்தைக்கு எதிராக ஆள் சேர்க்கலாம் என்று நினைத்தேன்.

மாடி வீட்டு டீச்சரக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார். என் மகளைத் தூக்கும் போதெல்லாம் முதலில் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் முத்தம் கொடுப்பார். குறையே இல்லாத குழந்தை என்று மனிதர்கள் தேர்ந்தெடுப்பது எப்படிச் சரியாகும் என்று அவர் கேட்டார். பாவமே இல்லாமல் இந்தப் பூமியில் நடந்தவர் ஒருவர்தானாம். மற்ற எல்லாரும் பிறக்கும்போதே பாவத்தோடு பிறந்தவர்கள்தானாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவளுமாக்கா?" என்றேன்.

அந்தச் சமயம் என் மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, அவருடைய சங்கிலியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தாள். டீச்சரக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவளும்தான்" என்றவர், "ஆனா இவளப் பாத்தா அப்படித் தெரியலயே" என்று சொல்லி அவரே சிரித்துவிட்டார்.

பக்கத்து வீட்டில் பேக்கரிக்காரரின் மனைவி இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குழந்தையைப் பார்த்தால் "மாஷா அல்லாஹ்" சொல்லாமல் அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை வராது. படைத்தவன் நாடியபடி இருக்கிறது, பெற்றவளுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தம் சொன்னார். டீச்சரக்கா சொன்னதை அவர் ஏற்கவில்லை. பிள்ளைகள் சுத்தமாகத்தான் பிறக்கின்றன, புத்தி தெரிகிற வயது வரைக்கும் அவர்கள் பேரில் ஒரு தப்பும் எழுதப்படாது, அதற்குப் பிறகுதான் எல்லாம் என்றார். அதற்குப் பிறகு தப்பே செய்யாத ஆள் உண்டா என்று கேட்டேன். நபிமார்களை அல்லாஹ் பாதுகாத்தான், நம்மைப் போன்றவர்கள் தப்புச் செய்வோம், மன்னிப்புக் கேட்போம், மறுபடி செய்வோம் என்றார். அதைச் சொல்லும்போது அவரிடம் ஒரு கவலையும் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அத்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"எங்க ஊர்க் காட்டுக் கோயில் சாமி இருக்காரே, அவருக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். ஒரு வருசம் கிடா வெட்டலன்னா மழைய நிறுத்திப் போடுவாரு. பொங்கல் வச்சுக் கெஞ்சி, தாஜா பண்ணித்தான் அவர வச்சுக்கிட்டு இருக்கோம். சாமிக்கே அப்படின்னா மனுசப்பயலச் சொல்லணுமா?"

டீச்சரக்கா இதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குழாய் இருமியது. தண்ணீர் வருவதற்கு முன்னால் அது அப்படித்தான் இருமும். பேச்சை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் எழுந்தோம். அடுத்த நிமிடம், பாவத்தைப் பற்றிப் பேசிய டீச்சரக்காவின் குடம் வரிசையில் எப்படியோ ஓர் இடம் முன்னால் நகர்ந்திருந்தது. அத்தை இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று கணக்கில் வராத இரண்டு குடங்களோடு நின்றார். பேக்கரிக்காரம்மா, "ஏட்டி, தள்ளி நில்லு" என்று என்னை விலக்கிவிட்டு என் இடத்தில் தன் அண்டாவை வைத்தார். நான் பிள்ளையை வைத்துக்கொண்டு, கடைசியில் சேறு கலந்த அரைக் குடம் பிடித்தேன்.

எப்படியோ போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அத்தையும் கூட வருவதாகச் சொன்னார். இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிறவர் இல்லையே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்திருந்தார்கள். ஒரு பிள்ளை அழுதால் அது காய்ந்த சோளத்தட்டையில் பிடித்த தீ மாதிரி ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு ஓடியது. மைக்கில் ஓர் அம்மா விதிகளைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். நான் குழாயடியில் நின்று மகளின் கன்னத்து மையை ஈரத்துணியால் துடைத்தேன். அது போவேனா என்றது. தேய்த்துத் தேய்த்துக் கன்னம் சிவந்துவிட்டது; சிவப்புக்கு மார்க் குறைப்பார்களோ என்று அடுத்த கவலை வந்தது. அத்தை, "நீ போயி அட்டையக் காமிச்சு நம்பர் வாங்கிட்டு வா, பிள்ளைய எங்கிட்டக் குடு" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் முறை வந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண்தான், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. மகளை மேஜையில் கிடத்தி, காதைப் பார்த்தார், பல்லை எண்ணினார், வயிற்றை அமுக்கினார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு மார்க் சொல்ல, பக்கத்தில் இருந்த பெண் எழுதிக்கொண்டாள். நான் ஆய்வுக்கூடத்தில் பிடித்த மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதுவரை எங்கும் குறையில்லை. கடைசியாக டாக்டர் இரண்டு காலையும் பிடித்து மடக்கி நீட்டினார். பாதத்தைத் திருப்பினார்.

இடது உள்ளங்காலில், கட்டைவிரல் அகலத்துக்கு, கோணலாக, கன்னங்கரேலென்று மை.

டாக்டர் விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிக்கொண்டது. "சுத்தத்துல ஒண்ணு குறைச்சுக்கோ" என்றார் எழுதுகிற பெண்ணிடம். நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அத்தை மண்டபத்தின் மின்விசிறியை அன்றுதான் புதிதாகக் கண்டது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை முட்டியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றேன். ஒரே ஒரு மார்க்தான், அதுவும் பிள்ளையின் குறை இல்லை. ஆனாலும் ஒரு தாள் எனக்காக வெள்ளையாக இருந்திருக்கும், அதில் கீறல் விழுந்துவிட்டது. அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது மேஜைப் பக்கம் ஒரு சலசலப்புக் கேட்டது.

எங்களுக்கு அடுத்த பிள்ளைக்குக் காது மடலின் பின்னால் மை இருந்தது. அதற்கடுத்த பிள்ளைக்குத் தொப்புளுக்குள். பட்டுச்சட்டை போட்டிருந்த ஒரு பயலின் அக்குளைத் தூக்கினால் அங்கே ஒன்று. மொட்டை அடித்த ஒருத்திக்கு உச்சந்தலையில் சந்தனத்துக்கு அடியில். ஒவ்வொன்று வெளிப்படும்போதும் அந்தப் பிள்ளையின் தாயோ அத்தையோ ஆச்சியோ மண்டபத்தின் வேறு திசையைப் பார்த்தார்கள். ஒரு முஸ்லிம் பெண்ணின் பிள்ளைக்கு மை இல்லை. ஆனால் சட்டையைத் தூக்கியதும் இடுப்பில் கறுப்புக் கயிறும் தாயத்தும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் டாக்டர் குனியும்போதே கூட்டம் சிரிக்கத் தயாராகிவிட்டது. விதியை வாசித்த மைக் அம்மாவின் முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது. நான் எப்போது அழுகையை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் மகள் என் தோளில் வாயைப் பிளந்து தூங்கிப்போனாள்.

முதல் பரிசு குளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனுக்குக் கிடைத்தது. இரண்டு தொடையும் மாவு பொங்கிய மாதிரி இருந்தான். இரண்டாவதும் மூன்றாவதும்கூட எங்களுக்கு இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணம் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு நான் வாசலைப் பார்த்து நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அத்தையைக் காணவில்லை.

அத்தை டாக்டர் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க பிள்ளைகிட்ட அப்படி என்ன குறையக் கண்டீங்க? அந்தப் பயலுக்கு வாயத் தொறந்தா ஒத்தப் பல்லு இருக்கு. எங்க பிள்ளைக்கு எட்டு. இன்னொரு தடவ எண்ணிப் பாருங்க."

மாதக்கணக்காகப் பிள்ளையைப் பாராட்டி அவர் வாயிலிருந்து ஒரு சொல் நான் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "விடுங்கத்தை, குறையே இல்லாத பிள்ளை எங்க இருக்கு?" என்றேன். சொன்ன பிறகுதான் அதைச் சொன்னது நான் என்பதே எனக்கு உறைத்தது.

டாக்டர் கோபப்படவில்லை. மையோ கயிறோ எல்லாப் பிள்ளைக்கும் இருந்தது, அதனால் எல்லாருக்கும்தான் குறைந்தது, இங்கே யாரும் முழு மார்க் வாங்கவில்லை என்றார். பிறகு என் கையிலிருந்த அட்டையை வாங்கினார். நான் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்: ஒன்பதாம் மாதத்திலிருந்து புள்ளி கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, நான் என்ன தப்புச் செய்கிறேன்?

"ஏறிக்கிட்டுத்தானே வருது. ஒரு தப்பும் இல்ல. இவ அப்பா எப்படி இருப்பாங்க?"

"கம்பந்தட்ட மாதிரி இருப்பான்" என்று அத்தை முந்திக்கொண்டார். "நெல்லுச்சோறும் கறியும் போட்டு வளத்தேன். ஒண்ணும் ஒட்டல. சட்டைய மாட்டுனா ஆணியில தொங்குன மாதிரி இருக்கும். அவன வச்சு எந்தப் போட்டியிலயும் சேக்க முடியாது."

டாக்டர் சிரித்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர் உடனே போகவில்லை. என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்த மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இவ்வளவு சத்தத்துல எப்படிம்மா தூங்குதா? எம்பையனுக்கு இவ வயசுதான். கதவு கிறீச்சுன்னாக்கூட முழிச்சிடுதான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன். நீங்க என்ன செய்யுதீங்க?"

என்னிடமா கேட்கிறார் என்று ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. பேனாவும் கையுமாக நின்ற அந்தப் பெண்ணின் கருவளையம் என்னுடையதைவிடப் பெரியது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அத்தை, பழைய நூல் சேலையில் தொட்டில் கட்ட வேண்டும், புதுச்சேலை வழுக்கும், பிள்ளை பயப்படும் என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்து, தொட்டிலைவிட முக்கியம் சாயங்காலத் தூக்கத்தை நிறுத்துவது என்றேன். வீட்டில் சத்தத்தைக் குறைக்க வேண்டாம், பாத்திரம் உருட்டுகிறவர்கள் உருட்டட்டும், ரேடியோ பாடட்டும், பழகிவிடும் என்றேன். எப்போதும் என் வாக்கியங்களின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஒருவேளை', 'இருக்குமோ' எதையும் அன்றைக்குக் காணோம். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "செஞ்சு பாக்குதேன்" என்றார்.

திரும்பி வரும்போது அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. பரிசு வாங்கிய குளத்தூர்க்காரியிடம் டாக்டர் ஒன்றும் கேட்கவில்லையே, நம்மிடம்தானே கேட்டார் என்று பஸ் ஸ்டாண்டு வரை சொல்லிக்கொண்டு வந்தார். நானும் அந்தப் பெருமையோடுதான் நடந்தேன். ஆனால் தெரு முக்கு திரும்புவதற்குள் எனக்குள் ஒரு கேள்வி வந்துவிட்டது. சாயங்காலத் தூக்கத்தை நிறுத்தினால் சில பிள்ளைகள் களைத்துப்போய் இன்னும் அதிகமாக அழும் என்று அந்தப் புத்தகத்தில் ஓரிடத்தில் படித்த ஞாபகம். அது எத்தனை மாதப் பிள்ளைக்கு என்பது மறந்துவிட்டது. அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேனோ? தொட்டில் என்று அத்தை சொன்னதோடு விட்டிருக்கலாமோ?

அதற்குப் பிறகு ஒரு வாரம் என் மகள் நன்றாகத் தூங்கினாள். டாக்டர் மகன் தூங்கினானா இல்லையா என்று நான்தான் முழித்துக்கொண்டு கிடந்தேன்.